கண் காகிதத்தில், கர்சர் எங்கே?

டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்கள் திரையைப் பார்த்துத் தட்டுவதில்லை. கண் மேஜைமேல் இருக்கும் விண்ணப்பத்தில் இருக்கும், விரல்கள் பாட்டுக்கு ஓடும். டேப் அடித்தால் கர்சர் அடுத்த கட்டத்தில் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த வேகம் வருகிறது. நடுவில் நாம் எழுதிய கோடு (நிரல்) கர்சரை வேறெங்கோ தூக்கிப் போட்டால், அவருக்கு அது தெரியவே தெரியாது. கதவு எண் 42 வயதுக் கட்டத்தில் விழும். 42 வயது சகஜம்தானே, எந்த வேலிடேஷனும் (சரிபார்ப்பும்) அதைப் பிடிக்காது. மருத்துவமனைப் பதிவு ஃபார்ம்கள் எழுதுகிறவன் என்பதால் இந்த வகைப் பிழையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

கர்சரைக் கோடால் நகர்த்துவதில் அடிக்கடி நடக்கும் தப்பு, கட்டத்தை விட்டு வெளியேறும்போதே சோதித்து, பிழை இருந்தால் திரும்ப உள்ளே இழுத்துப் போடுவது. விஷுவல் பேசிக் என்ற பழைய நிரல்மொழியின் காலத்திலிருந்தே இது இருக்கிறது. முதல் கட்டத்தின் லாஸ்ட்ஃபோகஸில் (கர்சர் வெளியேறும்போது ஓடும் கோடு) செட்ஃபோகஸ் (கர்சரை ஒரு கட்டத்தில் வைக்கும் கட்டளை) எழுதுவார்கள், இரண்டாவதிலும் அதையே எழுதுவார்கள். முதல் கட்டம் கர்சரைத் திரும்ப இழுக்கும். அப்போது இரண்டாவது கட்டம் 'என்னை விட்டுப் போகிறாய், நான் காலியாக இருக்கிறேன்' என்று தன் பங்குக்கு இழுக்கும். மெசேஜ் பாக்ஸ் மாறி மாறி வரும், ஆபரேட்டர் வெளியே வரவே முடியாது. 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6, இதற்கென்றே, வெளியேறும் முன் கட்டத்தைச் சோதிக்கும் வேலிடேட் ஈவென்ட்டையும், அந்தச் சோதனை நடக்கவேண்டுமா என்று சொல்லும் காசஸ்வேலிடேஷன் பண்பையும் கொடுத்தது. கேன்சல் பட்டனில் அந்தப் பண்பை ஃபால்ஸ் என்று வைத்தால், அரைகுறை ஃபார்மிலிருந்தும் வெளியேறலாம். இன்றைக்கு வெப் பக்கங்களின் ஜாவாஸ்கிரிப்டில், கர்சர் வெளியேறும்போது வரும் ப்ளர் ஈவென்ட்டுக்குள் கர்சரைத் திரும்ப வைக்கும் ஃபோகஸ் எழுதுகிறவர்கள் அதே குழியைத்தான் திரும்பத் தோண்டுகிறார்கள். கட்டத்தை விட்டுப் போகும்போது பிழைச் செய்தியைப் பக்கத்தில் காட்டுங்கள், போதும். சேவ் அடித்த பிறகு, பிழையுள்ள முதல் கட்டத்துக்குக் கர்சரைக் கொண்டுபோங்கள். அந்த நகர்வை அவரே எதிர்பார்த்திருப்பார்.

எழுத்து நிறைந்ததும் தானாகத் தாவும் கட்டங்கள் இன்னொரு தொல்லை. ஆதாரின் 12 இலக்கங்களை நான்கு நான்காக மூன்று கட்டமாகப் பிரித்துவைப்பார்கள். பழகிய கை தானும் ஒரு டேப் அடிக்கும், ஒரு கட்டம் தாண்டிப் போய்விடும். பேக்ஸ்பேஸ் அடித்தால் முந்தைய கட்டத்துக்குத் திரும்பாது, பேஸ்ட் செய்தால் முதல் நான்கு இலக்கம்தான் விழும். ஒரே கட்டமாக வைத்துவிட்டு, இடைவெளியைக் கோடில் நீக்கிக்கொள்வது எவ்வளவோ மேல்.

தமிழில் தட்டும்போது இது இன்னும் மோசம். தலைப்பெழுத்துக் கட்டத்துக்கு ஓரெழுத்து என்று அளவு வைத்துத் தாவலையும் எழுதிவிட்டால், 'செ' என்று தட்ட வருகிறவருக்கு 'ச' விழுந்தவுடனேயே கர்சர் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். கொம்பு அங்கே போய்த் தனியாக உட்காரும். நம் கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரிவது யூனிகோடில் இரண்டு குறியீடு. 'ச' வந்த நொடியில் அடுத்து கொம்பு வருமா வராதா என்று எந்தக் கோடாலும் சொல்ல முடியாது. தமிழ்க் கட்டங்களில் தானியங்கித் தாவலே வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

அப்புறம் என்டர் விசை. கணக்கு மென்பொருளில் பழகியவர்கள் என்டர் அடித்தால் அடுத்த கட்டம் வரவேண்டும் என்று கேட்பார்கள். வெப் ஃபார்மிலோ ஒரு சாதாரணக் கட்டத்தில் என்டர் அடித்தாலே ஃபார்ம் சப்மிட் ஆகிவிடக்கூடும். அவர்கள் கேட்பது நியாயம், செய்துகொடுங்கள். ஆனால் பல வரி எழுதும் முகவரிக் கட்டத்திலும் பட்டன்களிலும் என்டரைத் தொடாதீர்கள். ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் தட்டுகிறவர்கள் சொல்லை உறுதிசெய்யவும் என்டர் அடிப்பதுண்டு, சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று சொல்லும் ஈஸ்கம்போசிங் உண்மையாக இருந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பார்கோடு ஸ்கேனரும் கீபோர்டு போலவே நடந்துகொண்டு பெரும்பாலும் கடைசியில் ஒரு என்டர் அனுப்பும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கர்சர் காணாமல் போவதும் உண்டு. மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் வட்டங்களின் பட்டியலைக் கொண்டுவர அந்தப் பகுதியையே அழித்து மறுபடி வரைந்தால், கர்சர் நின்றிருந்த கட்டமே இல்லாமல் போகும். அடுத்துத் தட்டுவது எதுவும் எங்கும் விழாது. பட்டியலின் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றுங்கள். பக்கம் திறந்ததும் முதல் கட்டத்தில் கர்சர் வைக்கும் கோடு, சர்வர் பதிலுக்குக் காத்திருந்து தாமதமாக ஓடினால், ஏற்கெனவே மூன்றாவது கட்டத்தில் இருக்கிறவரைப் பின்னுக்கு இழுக்கும். கர்சர் இப்போது நிற்கும் கட்டத்தைச் சொல்லும் ஆக்டிவ்எலிமென்ட் எது என்று பார்த்துவிட்டு நகர்த்துங்கள். டேப் அடிக்கும் வரிசையைக் குறிக்கும் டேப்இண்டெக்ஸில் 1, 2, 3 என்று எண் போடாதீர்கள். பிறகு ஒரு கட்டத்தை நடுவில் சேர்க்கும்போது மொத்த வரிசையும் குழம்பும். பக்கத்தில் கட்டங்களையே சரியான வரிசையில் எழுதினால் எண்ணுக்கு வேலையே இல்லை.

திரையை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் வைத்து வேலை செய்யும் பார்வையற்றவருக்குக் கர்சர் நிற்கும் இடம்தான் திரை. கீபோர்டால் நகர்கிறவர் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு வெளியேற முடியாத நிலை இருக்கக்கூடாது என்று 2008-இல் வெளியான வெப் அணுகல் வழிகாட்டி 2.0 சொல்கிறது. கர்சர் நிற்கும் கட்டம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. கர்சர் நிற்கும் கட்டத்தைச் சுற்றி வரும் அவுட்லைனை அழகுக்காக நீக்கும் ஒரு வரி சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோடு) இதை உடைத்துவிடுகிறது.

அடுத்த ரிலீசுக்கு முன்னால் மவுஸைக் கழற்றி வையுங்கள். நிரப்பிய விண்ணப்பங்கள் ஒரு கட்டு எடுத்து, திரையைப் பார்க்காமல் உங்கள் ஃபார்மில் தட்டுங்கள். பிறகு பதிவானதையும் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முடிந்தால் அந்த ஆபரேட்டரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள், எந்தக் கட்டத்தில் அவர் நிமிர்ந்து திரையைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொண்டு, அந்தக் கட்டத்தின் கோடை முதலில் திறந்து பாருங்கள்.