எபேசுவில் ஒரு நாள்: எதை முதலில் பார்ப்பது, எது விடுபட்டுப் போகிறது

துருக்கியில் இருக்கும் பழைய ரோமானிய நகரமான எபேசு போய் வந்தவர்களின் போனைத் திறந்தால் செல்சஸ் நூலகத்தின் முகப்பு இருக்கும், பெரிய அரங்கம் இருக்கும், மரியாள் வீட்டு வாசலில் குழுவாக நின்ற படமும் இருக்கும். கி.பி. 431-ல் திருச்சபை ஆயர்கள் கூடிய மூன்றாம் பொதுச்சங்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் மரியாள் ஆலயத்தின் படம் அநேகமாக இருக்காது. மரியாளை இறைவனின் தாய் என்று அழைக்கலாமா என்ற வழக்கு அந்தச் சங்கத்தில்தான் தீர்ந்தது. அப்படி அழைப்பதை எதிர்த்த கான்ஸ்டாண்டிநோபிளின் ஆயர் நெஸ்தோரியு பதவி இழந்ததும் அதில்தான். இத்தனைக்கும் ஆலயம் கீழ்வாசலிலிருந்து சில நிமிட நடைதான். வெயிலில் மூன்று மணி நேரம் நடந்து அரங்கத்தைத் தாண்டி வந்த கூட்டத்துக்குத் தண்ணீர்க் கடையும் ஏசி பஸ்ஸும் கண்ணில் பட்ட பிறகு, வலது இடது திரும்பத் தோன்றுவதில்லை. இது வழிகாட்டியின் சோம்பல் மட்டுமல்ல. நாளைத் திட்டமிட்ட விதத்திலேயே அந்த இடம் விடுபட்டுப்போகிறது.

துருக்கியில் இஸ்மிர் மாகாணத்தின் செல்சுக் ஊரை ஒட்டித்தான் எல்லாமே இருக்கின்றன. இஸ்மிர் விமான நிலையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கப்பல்கள் வந்து நிற்கும் குஷாதாசியிலிருந்து 20 கிலோமீட்டர் வாக்கில். பழைய நகரம், அர்த்தமிஸ் தேவியின் கோயில், யோவான் பேராலயம், அருங்காட்சியகம், மலைமேல் மரியாள் வீடு எல்லாம் பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அடங்கும். ஒரு நாள் தாராளம். தொல்லை தூரத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது.

வழக்கமான திட்டம் இப்படி இருக்கும்: ஒன்பது மணிக்கு ஹோட்டலில் ஏற்றி, முதலில் மரியாள் வீடு, பிறகு பழைய நகரம், மதியச் சாப்பாடு, கம்பளக் கடை, நேரம் மிஞ்சினால் யோவான் பேராலயம். இதனால் நிழலே இல்லாத பளிங்குத் தெருவில் உச்சிவேளையில் நிற்க வேண்டி வரும். நிழலும் காற்றும் உள்ள மலைமேல் காலைக் குளிரில் நின்றுவிட்டு வந்திருப்பார்கள். குஷாதாசியில் கப்பல் நிற்கும் நாளாக இருந்தால் அந்தப் பயணிகளும் காலை ஒன்பதரையிலிருந்து அதே தெருவில்தான் இறங்குவார்கள்.

தலைகீழாக மாற்றிவிடுங்கள். வாசல் திறக்கும் நேரத்துக்கே மேல்வாசலில் நில்லுங்கள். பழைய நகரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். சரிவில் அடுக்கடுக்காக நிற்கும் மாடவீடுகளையும் (Terrace Houses) பார்ப்பதென்றால் இன்னும் முக்கால் மணி. உச்சிவெயிலில் செல்சுக்கில் சாப்பாடு, அதைத் தொடர்ந்து கூரைக்குள் இருக்கும் அருங்காட்சியகம். மூன்று மணிக்கு மேல் மரியாள் வீடு. வெயில் தாழ்ந்த பிறகு யோவான் பேராலயம். குளிர்காலத்தில் தொல்லியல் இடங்களைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள், அப்போது கடைசி இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆகியவைதான் நல்ல மாதங்கள். ஜூலை ஆகஸ்டில் 35 டிகிரிக்கு மேல் போகும். சென்னை வெயில் பழகினவர்கள்தானே என்று அலட்சியம் வேண்டாம், இங்கே கீழிருந்தும் வெள்ளைப் பளிங்கு அடிக்கும்.

மேல்வாசலில் இறங்கி, சரிவிலேயே நடந்து, கீழ்வாசலில் பஸ் ஏற வேண்டும். சொந்தமாக வண்டி எடுத்து வருபவர்கள் கீழே நிறுத்திவிட்டு, பிறகு ஏறித் திரும்ப வேண்டி வந்து திண்டாடுவார்கள். கழிப்பறையும் தண்ணீர்க் கடையும் வாசல்களில்தான், நடுவழியில் எதிர்பார்க்காதீர்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். செருப்பு விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. இருபது நூற்றாண்டாக மிதிபட்டு வழவழத்த பளிங்கு அது. இலேசான தூறல் போதும், ரப்பர் செருப்பு வழுக்கும். ஹெர்குலிஸ் வாசலுக்கு அப்பால் கியூரட்டஸ் தெரு சட்டென்று இறங்குகிறது. பழங்காலத்திலேயே வண்டிகள் நுழையாதபடி குறுக்கப்பட்ட இடுங்கலான வாசல் அது. இன்று கூட்டம் முட்டி நிற்பதும் அங்கேதான். முழங்கால் வலி உள்ளவர்கள் அந்த இடத்தில் யாருடைய கையையாவது பிடித்துக்கொள்வது நல்லது. சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள்.

சரிவின் அடியில் நூலகம் நிற்கிறது. பைபிளோடு வருகிற குழுவுக்கு முதலில் சொல்ல வேண்டியது, பவுல் இதைப் பார்க்கவில்லை என்பதைத்தான். அவர் எபேசுவில் இருந்தது கி.பி. 52–55 வாக்கில். செல்சஸ் நூலகம் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமானிய அதிகாரி செல்சசுக்காக அவர் மகன் அக்குயிலா எழுப்பியது. செல்சசின் கல்லறையும் அதற்குள்ளேயே இருக்கிறது. இன்று நிமிர்ந்து நிற்கும் முகப்பு 1970–78-ல் ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் விழுந்த கற்களை அடுக்கி நிறுத்தியது. மாடங்களில் நிற்கும் நான்கு பெண் சிலைகள் நகல்கள், அசல் வியன்னாவில். மேலே தெருவில் பார்த்த, பேரரசர் ஹேட்ரியன் பெயரிலான கோயிலும் பவுலுக்குப் பிந்தியது.

அவர் பார்த்திருக்கக்கூடியது பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் யாரும் அதன் முன் நிற்பதில்லை. நூலகத்தின் வலப்பக்கம் மூன்று வளைவுகள் கொண்ட வாசல் ஒன்று இருக்கிறது. அகுஸ்துவின் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற மசேயஸ், மித்ரிடேட்டஸ் என்ற இருவர் கி.மு. 4-3 வாக்கில் கட்டியது. அதற்குள் நுழைந்தால் வியாபாரச் சந்தை, சுற்றிலும் கடை வரிசை. பவுல் வந்தபோது இந்த வாசலுக்கு ஐம்பது அறுபது வயது. நூலகத்தில் படம் எடுக்கும் பத்து நிமிடத்தில் இரண்டைக் குறைத்து இங்கே நில்லுங்கள்.

பெரிய அரங்கம் அப்போது இருந்தது, ஆனால் இதே உயரத்தில் இல்லை. விரிவாக்கும் வேலை முதல் நூற்றாண்டு முழுக்க நடந்திருக்கிறது. முழு வடிவில் சுமார் 25,000 பேர் உட்காரலாம். அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது: தட்டான் தெமேத்திரியு கிளப்பிவிட்ட கலகம், காயுவையும் அரிஸ்தர்க்குவையும் அரங்கசாலைக்கு இழுத்து வந்தது, இரண்டு மணி நேரம் ஓயாத கூச்சல். பவுல் உள்ளே வரவில்லை, சீஷர் விடவில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டு 'பவுல் பிரசங்கித்த அரங்கம்' என்கிறார்கள். வாசிக்கலாம். ஆனால் மைக் வைத்துப் பாட்டு, ஆராதனை என்று கிளம்பினால் காவலர் வந்து நிறுத்துவார், கூட்டு வழிபாட்டுக்கு முன் அனுமதி கேட்டு வைத்திருக்க வேண்டும்.

அரங்கத்திலிருந்து மேற்கே பார்த்தால் அர்க்காதியன் தெரு, ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். அது முடியும் இடத்தில் துறைமுகம் இருந்தது. இப்போது நாணலும் வயலும். குச்சுக் மெந்தெரெஸ் ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போய்விட்டது. வண்டல் நிரம்ப நிரம்ப வியாபாரம் போனது, வியாபாரத்தோடு நகரமும் போனது.

இப்போது அந்த மரியாள் ஆலயம். அரங்கத்தைத் தாண்டி கீழ்வாசல் பாதையில் வரும்போது பலகை இருக்கும். வாசலுக்குத் திரும்பாமல் அதைப் பிடித்துப் போங்கள். ஹேட்ரியன் காலத்துப் பெரிய கோயில் வளாகம் ஒன்றின் தெற்கு மண்டபத்துக்குள் எழுந்த ஆலயம் என்பதால் அகலத்தைவிட நீளம் பல மடங்கு. கூரை இல்லை, கிழக்கே அரைவட்டச் சுவர் நிற்கிறது. வடபுறத்து அறையில் தரையோடு தரையாக ஞானஸ்நானத் தொட்டி, இறங்கி ஏறப் படிகளோடு. சங்கம் கூடியபோது நின்றது இப்போது நாம் பார்க்கும் சுவர்கள்தானா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். இருபது நிமிடம் போதும். அங்கே வந்த தீர்ப்பு நமக்கும் அவ்வளவு தூரத்துச் சங்கதி அல்ல. அதை ஏற்காத பாரசீகத்துக் கிழக்குத் திருச்சபையோடுதான் தென்னிந்தியத் தோமா கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டு உறவு வைத்திருந்தார்கள். சென்னை பரங்கிமலையில் பகலவி என்ற பழைய பாரசீக எழுத்தோடு இருக்கும் சிலுவை அந்தப் பாரசீகத் தொடர்பின் மிச்சம்.

வழிகாட்டி எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: இது கல்வெட்டா, வேதமா, மரபா? நல்ல வழிகாட்டி கோபிக்க மாட்டார். மேல்வாசல் பக்கம் 'லூக்காவின் கல்லறை' என்று ஒரு வட்டக் கட்டடம் காட்டுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜான் டர்ட்டில் உட் என்ற ஆங்கிலேயர் சிலுவையோடு காளை உருவத்தைப் பார்த்தார். காளை லூக்காவின் அடையாளம், ஆகவே கல்லறை என்று முடிவு கட்டினார். அது ரோமானியர் காலத்து நீரூற்று மண்டபம், பிறகு தேவாலயமாக மாற்றப்பட்டது. குன்றின்மேல் தெரியும் 'பவுலின் சிறை' பழைய மதில் காவல்கோபுரம். பவுல் அதில் அடைபட்டதற்கு எந்தச் சான்றும் இல்லை. பளிங்குத் தெருவில் பாதம் செதுக்கிய கல்லை விபசார விடுதி விளம்பரம் என்று எல்லாக் குழுவுக்கும் சொல்கிறார்கள், அதுவும் ஊகம்தான். உண்மையில் பவுலின் பழைய ஓவியம் இருக்கும் குகை அதே மலைச்சரிவில் இருக்கிறது, அவருடைய சீஷி என்று மரபு சொல்லும் தெக்லாவோடு சேர்த்து வரைந்தது. அதற்குத் தனி அனுமதி வேண்டும், சாதாரணப் பயணத்தில் கிடைக்காது.

அருங்காட்சியகத்தில் எல்லாரும் தேடுவது அர்த்தமிஸ் சிலைகளை. தமிழ் பைபிளின் தியானாள் இவள்தான். மார்பில் அடுக்கடுக்காகத் தொங்குவது முலைகளா, முட்டைகளா, பலி கொடுத்த காளைகளின் விதைப்பைகளா என்று இன்னும் முடிவாகவில்லை. அவளைப் பார்த்துவிட்டு வெளியேறிவிடாதீர்கள். பேரரசர் அகுஸ்து, அவர் மனைவி லிவியா இருவரின் சிலைகளையும் தேடுங்கள். பின்னாளில் யாரோ உளியெடுத்து அவர்கள் நெற்றியில் சிலுவை கீறியிருக்கிறார்கள். இந்த ஊர் மதம் மாறிய கதைக்கு அந்தக் கீறல் போதும். அர்த்தமிஸ் கோயில் இருந்த இடத்தில் துண்டுகளைச் சேர்த்து நிறுத்திய ஒற்றைத் தூண், மேலே நாரைக் கூடு, சுற்றிலும் சேறு. ஒருகாலத்தில் 127 தூண்கள் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

மரியாள் வீட்டுக்குத் தனிக் கட்டணம், அருங்காட்சியக அட்டை அங்கே செல்லாது. ஜெர்மனியின் கன்னியாஸ்திரி ஆன் கேத்தரின் எமெரிக் கண்ட காட்சிகளின் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு 1881-ல் ஒரு பிரெஞ்சுக் குருவும், 1891-ல் இஸ்மிரிலிருந்து லாசரிஸ்ட் குருக்களும் தேடிக் கண்ட இடம். மரியாள் உயிர் நீத்தது எருசலேமில் என்ற மரபும் பலமானது. இந்த வீடு உண்மையானதுதான் என்று கத்தோலிக்கத் திருச்சபை இதுவரை தீர்ப்புச் சொல்லவில்லை. போப்புகள் ஆறாம் பவுல் 1967-லும், இரண்டாம் ஜான் பால் 1979-லும், பதினாறாம் பெனடிக்ட் 2006-லும் வந்து செபித்திருக்கிறார்கள். முஸ்லிம்களும் மெரியம் அன்னையைத் தேடி வருகிறார்கள். சுவரில் சிவப்புக் கோடு ஒன்று ஓடும். கோட்டுக்குக் கீழே பழைய கட்டு, மேலே புதுப்பித்தது. உள்ளே போட்டோ கூடாது, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், மெழுகுவர்த்தி வெளியில்தான். குருவோடு போகிற குழு திருப்பலி வைக்க முன்கூட்டியே எழுதிக் கேட்டு நேரம் வாங்க வேண்டும். ஊற்றுநீர் பிடிப்பவர்கள் பாட்டிலைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் இருந்தால் விமான நிலையக் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும்.

யோவான் பேராலயம் அயசுலுக் குன்றின்மேல். நுழைகிற வாசலுக்குத் 'துன்புறுத்தல் வாசல்' என்று பெயர். அங்கே இருந்த, கிரேக்கப் புராண வீரன் அக்கிலீஸின் கதைச் சிற்பத்தை வேதசாட்சிகள் பாடுபடும் காட்சி என்று பிற்காலத்தார் நினைத்துவிட்டதால் வந்த பெயர். ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் எழுப்பிய ஆலயம், சிலுவை வடிவம், ஆறு குவிமாடங்கள். தூண்களின் தலைப்பில் ஜஸ்டினியன், அவர் மனைவி தியோடோரா பெயரெழுத்துகள் பின்னிக் கிடக்கும், தலையை நிமிர்த்திப் பாருங்கள். நடுவில் நான்கு தூண்களுக்கு இடையே யோவான் கல்லறை என்று மரபு காட்டும் இடம். அங்கிருந்து கீழே பார்த்தால் 1375-ல் கட்டிய ஈசா பே மசூதியும், அதற்கு அப்பால் அந்த ஒற்றைத் தூணும் ஒரே பார்வையில் விழும்.

துருக்கியில் தொல்லியல் இடங்களில் விளக்கம் சொல்ல அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிக்கு மட்டுமே அனுமதி. கழுத்தில் அட்டை தொங்கும். நம் ஊரிலிருந்து கூட வரும் டூர் லீடரோ போதகரோ வேதம் வாசிக்கலாம், தமிழில் பெயர்த்துச் சொல்லலாம், வழிகாட்டியின் வேலையைத் தானே செய்ய முடியாது. செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று அட்டையில்லாத ஆளை வைத்துக்கொண்டால் நடுவழியில் தடுக்கப்படுவீர்கள். வாசலில் 'பழைய காசு' விற்பவர்களிடம் வாங்காதீர்கள். போலியென்றால் பணம் போச்சு. அசலென்றால் இன்னும் மோசம், பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போவது அங்கே குற்றம். நினைவுக்கென்று தரையிலிருந்து எடுத்த ஓட்டுத்துண்டு, பளிங்குச் சில்லுக்கும் அதுதான் சட்டம். அந்த வகையில் 'அசல் போலி வாட்ச்' என்று பலகை வைத்து விற்பவர் எவ்வளவோ நேர்மை.

கம்பளக் கடை, தோல் ஆடைக் கடைகளில் கமிஷன் உண்டு, பயணக் கட்டணம் மலிவாக இருப்பதன் காரணம் பல சமயம் அதுதான். ஒரு கடை என்றால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. முன்பணம் கட்டும் முன்பே நிகழ்ச்சிநிரலில் 'எபேசு சுற்றுலா' என்று ஒற்றை வரியாக விடாமல் இடத்தின் பெயரையும் நிமிடத்தையும் எழுதி வாங்குங்கள்: மேல்வாசலில் எத்தனை மணி, மரியாள் ஆலயம் 20 நிமிடம், யோவான் பேராலயம் ஒரு மணி நேரம், கடை எத்தனை. மாடவீட்டு டிக்கெட்டும் மரியாள் வீட்டு டிக்கெட்டும் கட்டணத்தில் சேர்த்தியா, தனியா என்பதையும் அதே தாளில் கேளுங்கள்.