பொறுப்புக்கூறல்: ஒரு சொல்லும் அதன் பின்பாதியும்

ஆங்கிலத்தில் ‘அக்கவுண்டபிலிட்டி’ எனப்படும் கருத்தைக் குறிக்கத் தமிழில் பொறுப்புடைமை, பொறுப்பேற்பு, பொறுப்புக்கூறல், பதிலளிக்கும் கடமை எனப் பல சொற்கள் புழங்குகின்றன. செய்திகளிலும் அரசு ஆவணங்களிலும் இவற்றை ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை எழுதிவிடுகிறோம். பிரித்தானியாவின் போஸ்ட் ஆபிஸ் நிறுவனத்தின் ஹொரைசன் கணினி விவகாரம், அதாவது கணக்கு மென்பொருளின் பிழைகளால் அஞ்சலகம் நடத்தியவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்ட விவகாரம் பற்றிய பொது விசாரணையில் உயர் அதிகாரிகள் அளித்த சாட்சியங்களைக் கவனித்த பிறகு, இந்தச் சொற்களுக்கு இடையிலான வேறுபாடு சிறியதன்று என்ற முடிவுக்கு வந்தேன். அந்த விசாரணையையே உரைகல்லாக வைத்து, எந்தச் சொல் தேறுகிறது என்று பார்ப்பதே இங்கு நோக்கம்.

ஆங்கிலச் சொல்லின் வேர் கணக்கில் இருக்கிறது. இலத்தீனில் ‘கம்ப்யூட்டாரே’ என்றால் எண்ணிக் கணக்கிடுதல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘அக்கவுண்ட்’ ஆனது. கணக்கு என்றும், நடந்ததை எடுத்துரைத்தல் என்றும் அதற்கு இரு பொருள். கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவரைக் குறிக்க ‘அக்கவுண்டபிள்’ பிறந்தது. அதன் பண்புப்பெயர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வழக்குக்கு வந்தது. ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லும் அதே இலத்தீன் வேரில் கிளைத்ததுதான். தமிழிலும் கணித்தல், கணக்கு, கணினி ஆகிய மூன்றும் ஒரு குடும்பத்துச் சொற்களே. கணினி காட்டிய கணக்கை நம்பி மனிதர் சொன்ன கணக்கைத் தள்ளிவிட்ட ஒரு விவகாரத்தைப் பேசும்போது, இந்த உறவு மனத்தை உறுத்துகிறது.

கருத்து தமிழருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரிய உறுப்பினராகத் தகுதியற்றவர் யார் யார் என்று வரிசைப்படுத்துகின்றன. அவர்களுள் ஒரு வகையினர், ‘எப்பேர்ப்பட்ட வாரியங்களும் செய்து கணக்குக் காட்டாதே இருந்தார்’. அவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பிறர் பொருளைக் கவர்ந்தவரை அதே வரிசை தனியாகக் குறிப்பிடுகிறது. ஆகவே, கணக்குக் காட்டாமல் இருப்பது திருட்டின் அடையாளம் என்பதற்காக அன்று, தன்னளவிலேயே குற்றம் என்பதற்காகத்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது. ‘எப்பேர்ப்பட்ட’ என்ற அடைமொழியோ, வாரியம் பெரிது சிறிது என்ற சாக்குக்கு இடம் வைக்கவில்லை.

இனி, உரைகல்லுக்கு வருவோம். ஃபுஜிட்ஸு நிறுவனம் வழங்கிய ஹொரைசன் மென்பொருள் 1999 முதல் பிரித்தானிய அஞ்சலகங்களில் நிறுவப்பட்டது. அங்கே சிற்றூர் அஞ்சலகம் பெரும்பாலும் ஒரு மளிகைக் கடையின் ஓரத்தில் இருக்கும். அதை நடத்தும் சப்-போஸ்ட்மாஸ்டர் சம்பளக்காரர் அல்லர். சேமிப்பைப் போட்டுக் கடையை வாங்கி, ஒப்பந்தத்தின் பேரில் அஞ்சல் பணியையும் செய்பவர். மாலையில் கடையை அடைத்துவிட்டுக் கணக்கு முடிக்க உட்காருகிறார் ஒரு பெண். திரையில் 2,000 பவுண்டு குறைகிறது. உதவி எண்ணை அழைக்கிறார். மறுமுனையில் இருப்பவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பொத்தானாக அழுத்துகிறார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 2,000 என்பது 4,000 ஆகிறது. இது உண்மையில் நடந்தது, விசாரணையில் பதிவானது. இப்படி அழைத்த பலருக்கும், ‘வேறு யாருக்கும் இந்தச் சிக்கல் இல்லை, உங்களுக்கு மட்டும்தான்’ என்ற பதிலே கிடைத்தது.

குறைந்த தொகையைக் கைப்பணத்திலிருந்து கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள், மறுநாள் கடையைத் திறப்பதற்காகக் கணக்குச் சரியென்று கையொப்பமிட்டார்கள். அந்தக் கையொப்பத்துக்கு 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு: பொய்க்கணக்கு. திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுவதானால் பொய்க்கணக்கை ஒப்புக்கொள்கிறோம் என்று பலர் பணிந்தார்கள். கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும் நிலையில், அது தவறியது என்று காட்டும் சுமை ஒரு கடைக்காரர் தலையில் விழுந்தது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 700 பேர் மீது வழக்குத் தொடர்ந்தது, காவல்துறையும் அன்று, அரசு வழக்குத் துறையும் அன்று, போஸ்ட் ஆபிஸ் நிறுவனமே. கடைசிப் பென்னி வரை கணக்குக் கேட்கப்பட்ட மனிதர்கள் இவர்கள்.

555 பேர் சேர்ந்து தொடுத்த உரிமையியல் வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி பீட்டர் ஃப்ரேசர் ஹொரைசனின் பிழைகளை உறுதிசெய்தார். மென்பொருளில் பிழையில்லை என்று நிறுவனம் சாதித்தது, பூமி தட்டையானது என்று 21ஆம் நூற்றாண்டில் சாதிப்பதற்கு ஒப்பானது என்று அவர் எழுதினார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை ஒரே நாளில் நீக்கியது. சர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணையும் அந்த ஆண்டே சட்டப்படியான பொது விசாரணையாக ஆக்கப்பட்டது. சாட்சிக் கூண்டு இப்போது மேலே இருந்தவர்களுக்கு உரியதாயிற்று.

2012 முதல் 2019 வரை தலைமை நிர்வாகியாக இருந்த பவுலா வென்னல்ஸ் 2024 மே 22, 23, 24 ஆகிய மூன்று நாள்கள் சாட்சியம் அளித்தார். விசாரணையின் வழக்கறிஞர் ஜேசன் பீர் தொடக்கத்திலேயே கேட்டார்: ஐக்கிய இராச்சியத்திலேயே மிகவும் துரதிர்ஷ்டம் பிடித்த தலைமை நிர்வாகி நீங்கள்தான் என்று நினைக்கிறீர்களா? எனக்குப் பல தகவல்கள் தரப்பட்டன, தரப்படாதவையும் இருந்தன என்பதாக விடை அமைந்தது. பிறரை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்றும் சொன்னார். ஹொரைசன் தொடர்பான எந்த வழக்கிலும் நிறுவனம் தோற்றதில்லை என்று 2012இல் அவர் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கூறியிருந்தார். அது உண்மையன்று, விடுதலையானவர்களும் இருந்தார்கள். அந்த வழக்குகளை எடுத்துக்காட்டியபோது அவர் அழுதார். பிறகு சொன்னதன் சாரம் இது: போஸ்ட் ஆபிஸுக்கு அது தெரிந்திருந்தது என்பதை முழுமையாக ஏற்கிறேன், தனிப்பட்ட முறையில் எனக்குத் தெரியாது, அது நடந்ததற்காக மிகவும் வருந்துகிறேன்.

அந்த அழுகையை நான் பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் கட்டமைப்பைப் பாருங்கள். அறிந்தது நிறுவனம், அறியாதது அதன் தலைவர். நிறுவனத்துக்குக் கண்ணுமில்லை, காதுமில்லை. மனிதர்கள் அறிந்ததைத்தான் அது அறிந்ததாகச் சொல்கிறோம். அறிவை நிறுவனத்தின் பெயரிலும் அறியாமையைத் தன் பெயரிலும் எழுதிவைத்துவிட்டால், கேள்விக்கு விடை சொல்ல ஆளே இல்லாமல் போகிறது. 2006 முதல் 2010 வரை மேலாண்மை இயக்குநராக இருந்த ஆலன் குக், வழக்குத் தொடர முடிவெடுப்பது தம் நிறுவனமே என்பது தமக்குத் தெரியாது என்று சொன்னார். அதே குக் 2009இல் எழுதிய மின்னஞ்சலில், கல்லாவில் கைவைத்த சப்-போஸ்ட்மாஸ்டர்கள் பணம் குறையும்போது தொழில்நுட்பத்தின் மேல் பழிபோடுகிறார்கள் என்று உறுதியாக எழுதியிருந்தார். அதற்கு மட்டும் தகவல் போதாமை தடையாக இருக்கவில்லை. அந்த மின்னஞ்சலுக்காக வாழ்நாளெல்லாம் வருந்துவேன் என்று அவர் விசாரணையில் கூறியதையும் இங்கே சொல்லிவிடுவதே நேர்மை.

தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் நமக்கு ஒரு வெளிச்சம் தருகிறது. தமிழ் வினைமுற்று பெரும்பாலும் செய்தவரைத் தன் விகுதியிலேயே சுமந்து நிற்கும். ‘அனுப்பினேன்’ என்றால் ‘நான்’ என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ‘ஏன்’ விகுதி காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே தமிழில் நழுவ வேண்டுமானால் வினையையே மாற்ற வேண்டும்: ‘அனுப்பப்பட்டது’, ‘தவறு நடந்துவிட்டது’. இன்னொரு வழியும் உண்டு. ‘எனக்குத் தெரியாது’, ‘எனக்கு நினைவில்லை’, ‘எனக்குச் சொல்லவில்லை’ என்னும் தொடர்களில் பேசுபவர் எழுவாயாக இல்லை. நான்காம் வேற்றுமை ஏற்று ஓரமாக நிற்கிறார். அறிவும் நினைவும் அவரிடம் வந்திருக்க வேண்டியவை, வராமல் போனது அவர் குறையன்று என்பது போன்ற தோற்றம் உண்டாகிறது. ‘நான் கேட்கவில்லை’ என்று மாற்றிச் சொன்னால்தான் அவர் எழுவாயாகிறார். பல மாதங்கள் நீடித்த விசாரணையில் உயர் அதிகாரிகளிடமிருந்து மிக அரிதாக வந்த வாக்கியம் அதுதான்.

இந்த அளவுகோலைக் கொண்டு தமிழ்ச் சொற்களைப் பார்ப்போம். ‘பொறுப்பு’ என்பது பொறு என்னும் வினையடியிலிருந்து வந்தது. சுமத்தல், தாங்குதல் என்பது முதற்பொருள். ‘பொறை’ என்றால் சுமை, பொறுமையும் ஆகும். சுமப்பவர் யார் என்பதைப் ‘பொறுப்பு’ சொல்கிறது. சுமந்ததில் என்ன ஆயிற்று என்று அவர் யாருக்கேனும் சொல்ல வேண்டுமா என்பதை அது சொல்வதில்லை. எனவே ‘ரெஸ்பான்சிபிலிட்டி’க்கு அது போதும், ‘அக்கவுண்டபிலிட்டி’க்குப் போதாது. ‘பொறுப்புடைமை’யும் அப்படியே, உடைமை என்ற பின்னொட்டு அதை ஒரு குணமாக்கிவிடுகிறது. பொறுப்புடைமை மிக்கவர் என்று ஒருவரைப் பாராட்டி வழியனுப்பு விழா நடத்தலாம். அவர் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லியிருக்கத் தேவையில்லை.

‘பொறுப்பேற்பு’ இன்னும் இடறல் தருவது. நாளிதழ்த் தமிழில் ‘பொறுப்பேற்றார்’ என்றால் பதவியில் அமர்ந்தார் என்று பொருள். அமைச்சர் பொறுப்பேற்றார், ஆட்சியர் பொறுப்பேற்றார் என்று எழுதுகிறோம். பதவிக்குள் நுழையும் நாளில் நடப்பதற்கு உரிய சொல்லை, அந்தப் பதவியில் செய்ததற்கு விடை சொல்லும் நாளுக்கும் வைத்தால் குழப்பமே மிஞ்சும்.

‘பொறுப்புக்கூறல்’ ஈழத்துத் தமிழில் வேரூன்றிய சொல். போரின் இறுதிக்கட்டம் குறித்து ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை 2011இல் வெளியான காலத்திலிருந்து, ஜெனிவாத் தீர்மானங்களைப் பற்றிய ஒவ்வொரு செய்தியிலும் இச்சொல் இடம்பெறுகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டு வீதியில் அமர்ந்திருக்கும் தாய்மாருக்கு அது கலைச்சொல் அன்று. அவர்கள் கேட்பது இழப்பீட்டுக்கும் வருத்தத்துக்கும் முன்னால் ஒரு விடை. தமிழ்நாட்டில் இச்சொல் இன்னும் அவ்வளவாகப் பரவவில்லை. பரவ வேண்டும் என்பது என் விருப்பம். பொறுப்பு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம் ஆதலால் இடையில் ககர ஒற்று மிகும். ‘பொறுப்பு கூறல்’ என்று பிரித்து எழுதுவது பிழை.

இச்சொல்லின் வலிமை பின்பாதியில் இருக்கிறது. ‘கூறல்’ என்ற தொழிற்பெயர் கூறுபவர் ஒருவரையும் கேட்பவர் ஒருவரையும் வேண்டி நிற்கிறது. பொது விசாரணையின் இயல்போடும் இது பொருந்துகிறது. 2005ஆம் ஆண்டு விசாரணைகள் சட்டத்தின்படி, பொது விசாரணை ஒருவரைக் குற்றவாளி என்றோ இழப்பீட்டுக்கு உரியவர் என்றோ தீர்ப்பளிக்க முடியாது. தண்டிக்கும் அதிகாரமில்லாத அந்த மன்றம் செய்யக்கூடியதெல்லாம், உறுதிமொழி எடுக்கச் செய்து, ஆவணத்தை முன்னே வைத்து, இதை ஏன் செய்தீர்கள் என்று கேட்டுக் கூறவைப்பதுதான். தம்மையே குற்றத்தில் சிக்கவைக்கும் விடையை மறுக்கும் உரிமை சாட்சிகளுக்கு உண்டு என்பதையும் மன்றமே எடுத்துச் சொல்கிறது. வருத்தம் தெரிவிப்பதும் கூறுவதுதானே என்று கேட்கலாம். வருத்தம் மனநிலையைக் கூறுகிறது. பொறுப்புக்கூறல், எந்த நாளில் எந்தத் தாளைப் பார்த்து எந்த முடிவை எடுத்தேன் என்று கூறுகிறது.

கூறலைத் தடுக்கும் வழிகளில் ஒன்று சொல்லையே மாற்றிவிடுவது. 2013இல், ஹொரைசன் பற்றிய தடயவியல் கணக்காளர்களின் இடைக்கால அறிக்கை வெளிவரவிருந்த நேரத்தில், மென்பொருளின் ‘பிழை’, ‘கோளாறு’ ஆகியவற்றுக்கு உணர்ச்சியைத் தூண்டாத சொல் ஒன்று வேண்டுமென வென்னல்ஸ் தம் கணவரிடம் கேட்டிருக்கிறார். ‘விதிவிலக்கு’, ‘பிறழ்வு’ என்னும் பொருள்படும் சொற்கள் பரிந்துரையாக வந்தன. விசாரணையில் அந்த மின்னஞ்சல் திரையில் காட்டப்பட்டது. பிழை என்றால், யார் பிழை என்ற கேள்வி உடனே எழும். பிறழ்வு என்றால் மழைபோல் தானே வந்ததாகத் தோன்றும். சொற்களைப் பற்றி எழுதுபவர்களுக்கு இதைவிடக் கவலை தரும் சான்று அதிகம் இருக்க முடியாது.

2025 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கையின் முதல் தொகுதி, குறைந்தது 13 பேர் இந்த விவகாரத்தால் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று பதிவுசெய்கிறது. ஹொரைசனின் பழைய பதிப்பு பிழை செய்யக்கூடியது என்பதை மூத்த ஊழியர்கள் சிலர் அறிந்திருந்தார்கள் அல்லது அறிந்திருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ‘அறிந்திருக்க வேண்டும்’ என்ற தொடரில் ‘எனக்குத் தெரியாது’ என்பது விடையாகாமல் போகிறது.

சொல் வழக்கில், ‘பொறுப்புக்கூறு’ என்னும் வினையை யாருக்கு, எதற்கு என்னும் இரண்டோடும் சேர்த்து எழுதுவதே முறை. ‘நிறுவனம் பொறுப்புக்கூற வேண்டும்’ என்பது பாதி வாக்கியம். ‘2012இல் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் சொன்னதற்கு, அதைச் சொன்னவர், குற்றவாளிகள் என்ற பெயரோடே இருந்தவர்களுக்குப் பொறுப்புக்கூற வேண்டும்’ என்பது முழு வாக்கியம். தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கிய சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது 2024 மே 24ஆம் நாள். வென்னல்ஸ் தம் சாட்சியத்தை முடித்து எழுந்ததும் அதே நாளில்தான்.