டீமாலிங்

ஓய்ந்துபோன ஷாப்பிங் மாலை இடித்தோ பிரித்தோ, அந்த மனையில் தெருக்கள் போட்டு, கீழே கடை, மேலே வீடு, பக்கத்தில் அலுவலகம் என்று ஊராக மாற்றுவதை அமெரிக்க நகரமைப்புத் துறையினர் டீமாலிங் என்கிறார்கள். 'டீ' நீக்கலைக் குறிக்கும் முன்னொட்டு. ஆனால் இடித்தால் மட்டும் டீமாலிங் ஆகிவிடாது. பெயின்ட் அடித்துப் புதுக் கடைகளைக் கூட்டி வந்தாலும் ஆகாது. தெரு வர வேண்டும், அதில் ஆட்கள் குடியிருக்க வேண்டும்.

கொலராடோவின் லேக்வுட் நகரில் 1966இல் திறந்த வில்லா இத்தாலியா மால் 2001இல் மூடப்பட்டது. சுமார் 100 ஏக்கர். அங்கே 22 தெருக்கட்டங்களாக எழுந்த பெல்மார் 2004இல் திறந்தது. ஊருக்கு அதுவரை இல்லாத நடுப்பகுதி ஒன்று கிடைத்தது.

சரி, மால் என்ற சொல் எங்கிருந்து வந்தது? இத்தாலியில் பல்லமாலியோ என்றொரு விளையாட்டு. 'பல்லா' பந்து, 'மாலியோ' கொட்டாப்புளி. பிரான்ஸ் வழியாக லண்டன் போன அந்த ஆட்டத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் நீளமான தடம் போட்டார்கள். ஆட்டம் ஓய்ந்தது, தடம் மர நிழலில் உலாவும் இடமானது. அதற்கு இன்றும் 'தி மால்' என்றே பெயர். 1950களின் அமெரிக்கப் புறநகரில், எதிரெதிர்க் கடைவரிசைகளுக்கு நடுவே விட்ட நடைபாதைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அது பிறகு கட்டடம் முழுவதையும் குறிக்கத் தொடங்கியது.

வியன்னாவிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூவன் 1956இல் மினசோட்டாவில் சவுத்டேல் மாலைக் கட்டினார். முழுக்க மூடிக் குளிரூட்டிய முதல் மால் அதுதான். சுற்றிலும் வீடு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அவர் திட்டத்தில் இருந்தன. அவரைப் பார்த்துக் கட்டியவர்களோ மாலையும் கார் நிறுத்துமிடத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். டீமாலிங் செய்பவர்கள் இப்போது கொண்டுவருவது, பெரும்பாலும் அன்று விடுபட்டதைத்தான்.

தமிழில் என்ன சொல்வது? 'மால் நீக்கம்' சரிப்படாது. நமக்கு மால் என்றால் திருமால், இல்லாவிட்டால் மயக்கம். படிப்பவர் வேதாந்தம் என்று நினைத்துவிடுவார். 'பேரங்காடி' அளவைச் சொல்கிறதே தவிர அமைப்பைச் சொல்லவில்லை. வழக்கில் உள்ள 'வணிக வளாகம்' நன்றாகப் பொருந்துகிறது. வளாகம் என்றால் சூழப்பட்ட இடம். கடல் சூழ்ந்த நிலத்தைப் புறநானூறு 'தெண்கடல் வளாகம்' என்கிறது. அமெரிக்க மாலைச் சூழ்ந்திருப்பது கார் நிறுத்துமிடம், அவ்வளவுதான் வித்தியாசம்.

'வணிக வளாக மறுசீரமைப்பு' என்று செய்திகளில் எழுதலாம்தான். ஆனால் லிஃப்ட் மாற்றினாலும் மறுசீரமைப்பு என்பார்கள். போவதைவிட வருவதைச் சொல்லும் 'தெருவாக்கம்' எனக்குப் பிடித்திருக்கிறது. வீடும் கடையும் கலந்த நிலைக்குக் 'கலப்புப் பயன்பாடு' ஏற்கெனவே இருக்கிறது. 'லேக்வுட்டின் பழைய வணிக வளாகம் தெருவாக்கப்பட்டது' என்று எழுதினால் புரியும். முதல் தடவை மட்டும் பக்கத்தில் டீமாலிங் என்று போட்டுக்கொள்ளலாம்.