மாடு பாடுமா? – மாலைமாற்று வேலை செய்யும் விதம்

‘விகடகவி’யைத் திருப்பிப் படித்தாலும் விகடகவிதான் என்று பள்ளியிலேயே கேட்டிருப்போம். இப்படித் திருப்பினாலும் மாறாததற்குப் பெயர்தான் மாலைமாற்று. ‘தேரு வருதே’, ‘மோரு போருமோ’ இரண்டும் அடுத்தபடியாக வரும். அதற்கு மேல் பட்டியல் நீளாது. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட சொற்களும் வாக்கியங்களும் நிறையக் கிடைக்க, தமிழில் மட்டும் ஏன் கைவிரல் விட்டு எண்ணுகிறோம்? தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து உட்காரலாம் என்பதில் நம் மொழி கறாரானது, காரணம் அதுதான். அந்தக் கறார் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால், வாக்கியங்களை டஜன் கணக்கில் செய்யலாம்.

முதலில் அலகு. தமிழில் மாலைமாற்றைச் சோதிக்கும்போது திருப்புவது எழுத்தை, ஒலியை அல்ல. ‘வி’ என்பது வ், இ என்ற இரண்டு ஒலிகள் சேர்ந்த ஒரே எழுத்து. திருப்பும்போது அது உடையாமல் அப்படியே இடம் மாறும். வி‑க‑ட‑க‑வி, ஐந்து எழுத்து, நடுவில் ட. மெய்யெழுத்தும் ஓர் எழுத்தாகவே கணக்கு: ‘பாப்பா’ என்பது பா‑ப்‑பா, மூன்றெழுத்து மாலைமாற்று. கைரேகை, மேகமே, வினவி, குடகு, கற்க, தந்த, தேடாதே ஆகியவையும் அப்படியே. மலையாளம் என்ற பெயர் ஆங்கில எழுத்தில் இருபுறமும் ஒன்றாக இருக்கும். தமிழில் எழுதினால் இல்லை. அந்தப் பெருமை மொழிக்கு உரியதல்ல, எழுத்துமுறைக்கு உரியது.

இனி விதிகள். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ஆனால் ஏராளமான சொற்கள் மெய்யில் முடிகின்றன: மரம், கண், பால், தேர், மோர். மாலைமாற்றின் கடைசி எழுத்துதான் முதல் எழுத்தும் என்பதால், மெய்யில் முடியும் சொல் எதுவும் கடைசியில் வர முடியாது. பேச்சுத் தமிழ் இங்கே கைகொடுக்கிறது. தேர் ‘தேரு’ ஆகிறது, மோர் ‘மோரு’ ஆகிறது. ஒட்டிக்கொண்ட உகரம் மெய்யை உயிர்மெய்யாக்கிவிடுகிறது. நமக்குத் தெரிந்த இரண்டு பழைய வாக்கியங்களும் பேச்சுவழக்கில் இருப்பது அதனால்தான். இலக்கணச் சுத்தமாக ‘தேர் வருகிறதே’ என்று எழுதினால் விளையாட்டு முடிந்தது.

உயிரெழுத்துக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். அளபெடையை விட்டுவிட்டால் அ முதல் ஔ வரையிலான வரிவடிவங்கள் சொல்லின் முதலில் மட்டுமே வரும். எனவே உயிரெழுத்தில் தொடங்கும் தனிச்சொல் மாலைமாற்று தமிழில் அமையாது. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் 103 என்று நன்னூல் கணக்கிடுகிறது. அவற்றில் 12 உயிர்கள் போக மீதி 91. ஆக, 247 எழுத்துகளில் 91 மட்டுமே முதல் வடிகட்டியைத் தாண்டுகின்றன. குறில் எகரத்தில் முடியும் சொல் இயல்பாகக் கிடையாது என்பதால் கெ, செ, தெ வகையறாவும் உதிரும்.

எண்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஐந்து இலக்க மாலைமாற்று எண்ணில் முதல் மூன்று இலக்கங்களைத் தேர்ந்தெடுத்தால் போதும், மற்ற இரண்டும் கண்ணாடி பார்த்து வந்துவிடும். முதல் இலக்கம் 0 ஆகக் கூடாது என்பதைத் தவிர வேறு நிபந்தனை இல்லை: 9 × 10 × 10 = 900. அதே கணக்கை விதியே பார்க்காமல் தமிழுக்குப் போட்டால் 247 × 247 × 247, அதாவது ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல். முதல் எழுத்து வடிகட்டியை மட்டும் போட்டால் 55 லட்சத்துச் சொச்சம். பொருள் தரும் சொற்களோ விரல் விட்டு எண்ணும் அளவு. நடுவில் பெரிய சல்லடை ஒன்று இருந்தாக வேண்டும்.

அந்தச் சல்லடைக்கு மெய்ம்மயக்கம் என்று பெயர். எந்த மெய்யின் பின்னால் எந்த எழுத்து வரலாம் என்ற விதி அது. க், ச், த், ப் நான்கும் மிகப் பிடிவாதமானவை: க் பின்னால் ககர வரிசைதான், ப் பின்னால் பகர வரிசைதான் வரும். (சக்தி, பக்தி போன்ற வடசொற்கள் விலக்கு.) இதை மாலைமாற்றோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு மாலைமாற்றில் எங்கோ ‘ப்’ இருக்கிறது என்றால் அதற்கு வலப்பக்கம் ப வரிசை. திருப்பும்போது இடப்பக்கத்தில் இருந்தது வலப்பக்கம் வரும். அதுவும் ப வரிசையாகவே இருந்தாக வேண்டும். ஆகவே ப் இருபுறமும் ப‑வால் சூழப்பட்டிருக்கும், த் இருபுறமும் த‑வால். பாப்பா, தாத்தா, காக்கா, சாச்சா! மழலைச் சொற்களும் உறவுப் பெயர்களும் மாலைமாற்றாக அமைவது வெறும் தற்செயல் இல்லை. இந்த நான்கு மெய்களும் உள்ளே நுழைவதற்கு அந்த அமைப்பைத் தவிர வேறு வழியே இல்லை.

மற்ற மெய்கள் கொஞ்சம் இளகியவை. ‘வந்த’ என்ற சொல்லைத் திருப்பினால் ‘தந்வ’. ந் பின்னால் வ வராது, ஆகவே ‘வந்த’ எந்த மாலைமாற்றுக்குள்ளும் நுழையாது. ‘சென்ற’ நுழையும். திருப்பினால் ‘றன்செ’, ‘திறன் செ…’ என்று சொல் எல்லையை நடுவில் போட்டு ஒப்பேற்றிவிடலாம். ற் பின்னால் க, ச, ப வரும் என்பதால் ‘கற்க’ பிழைத்தது. ய், ர், ழ் மூன்றும் தாராள மனசுக்காரர்கள், பின்னால் ஏறக்குறைய யாரையும் சேர்த்துக்கொள்வார்கள். நீளமாக எழுத நினைப்பவர் மெய்யே இல்லாமல் எழுதுவது நல்லது. மெய் தவிர்க்க முடியாதபோது இந்த மூன்றில் ஒன்றைப் பிடிப்பது அடுத்த நல்லது.

போதும், செய்து பார்ப்போம். கடைசி எழுத்திலிருந்து தொடங்குவதுதான் தந்திரம். தமிழ் வினை வாக்கியம் எப்படி முடியும் என்பது ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்த விஷயம்: ‑மா, ‑மே, ‑மோ, ‑தே, ‑தா. ‘‑உமா’ என்ற கேள்வி முடிவை எடுத்தால் வாக்கியம் ‘மா’வில் தொடங்க வேண்டும். மாவில் தொடங்கும் இரண்டெழுத்துப் பெயர் ஒன்று, மாடு. அப்படியானால் கடைசி இரண்டு எழுத்து ‘டுமா’. நடுவில் ஒரே ஓர் எழுத்துக்கு இடம் காலியாக இருக்கிறது: மா‑டு‑□‑டு‑மா. ‘டு’வில் முடியும் இரண்டெழுத்து வினைகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். மாடு ஓடுமா? மாடு ஆடுமா? மாடு தேடுமா? மாடு விடுமா? மாடு வாடுமா? மாடு போடுமா? மாடு பாடுமா? அத்தனையும் மாலைமாற்று! சாடு, நாடு, கூடு, மூடு, நடு, சுடு, கெடு என்று அச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ‘மாவு’ என்று தொடங்கினால் இன்னோர் அச்சு: மாவு தூவுமா, மாவு தாவுமா, மாவு கூவுமா. பொருளைப் பற்றி மாவு கவலைப்படாது.

நடு எழுத்தாக ஓ, ஆ வந்தது விதிமீறல் இல்லையா என்று கேட்கலாம். உயிர் சொல்லின் முதலில் வர வேண்டும். ‘ஓடுமா’வில் முதலில்தான் இருக்கிறது. நட்டநடுவில் இருப்பதால் திருப்பினாலும் அது அதே இடத்தில் நிற்கிறது.

நடுவில் ஓர் எழுத்துதான் என்று கட்டாயம் இல்லை, ஒரு குட்டி மாலைமாற்றையே சொருகலாம். ‘மாடு வாட வாடுமா’ ஏழெழுத்து: மா‑டு‑வா‑ட‑வா‑டு‑மா. ஆனால் இதே அச்சில் ‘மாடு பாடப் பாடுமா’ என்று எழுதிப் பாருங்கள், இடறும். ‘பாட’ என்ற எச்சத்தின் பின் வல்லினம் மிகும், நடுவே ஒரு ப் முளைக்கும். அதன் ஒரு பக்கம் ட, மறுபக்கம் பா. மேலே சொன்ன ப்‑விதி உடைந்துவிட்டது. வகரத்துக்கு முன் ஒற்று மிகாது என்பதால் ‘வாட வாடுமா’ தப்பித்தது. ‘மாடு பாடுமா’வில் ஒற்று வராததற்குக் காரணம் வேறு: அது எழுவாய்த் தொடர். மாலைமாற்று செய்ய எழுவாயும் வினையும் மட்டும் கொண்ட வாக்கியம் ஏன் வசதி என்பது இப்போது விளங்கும்.

வெளிப்புறமாகவும் வளர்க்கலாம். தமிழில் ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்கிறது நன்னூல்: வா, போ, நீ, தீ, பூ, கை இப்படி. ஒற்றைச் செங்கல், எந்தப் பக்கம் திருப்பினாலும் அதேதான். ‘நீ வா! மாடு ஓடுமா? வா நீ!’ ஒன்பதெழுத்து. இப்படியே அடுக்கிக்கொண்டு போனால் முடிவே இல்லை. அது கொஞ்சம் கள்ளாட்டம்தான்.

இந்த விளையாட்டில் அடிக்கடி வரும் பிழை ஒலியை நம்பி ஏமாறுவது. ‘நான்’ காதுக்கு இருபுறமும் ஒன்றுபோல் கேட்கும், ஆனால் நா‑ன், இரண்டும் வேறு. ர/ற, ல/ள/ழ இணைகளிலும் இதே கண்ணி. இன்னொன்று சந்தி. ‘மாடு ஆடுமா’வைச் சேர்த்து ‘மாடாடுமா’ என்று எழுதினால் உகரம் கெட்டு நான்கெழுத்தாகி, மாலைமாற்று மறைந்துவிடும்.

ஆனால் அதே சந்தியை ஆயுதமாக்கியவர் திருஞானசம்பந்தர். சீகாழியைப் பாடும் மூன்றாம் திருமுறையின் 117ஆம் பதிகம் முழுக்க மாலைமாற்று. முதல் பாட்டு:

யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா
காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா

28 எழுத்துகள், 14க்கு 14. வேறுபட்ட எழுத்துகள் ஆறே ஆறு: யா, மா, நீ, ழீ, கா, ணா. ஒரு மெய் இல்லை, ஒரு குறில் இல்லை. ‘யாம் ஆமா? நீ ஆம் ஆம்’ என்று பிரித்துப் படிக்கும்போது மெய்கள் எட்டிப் பார்க்கின்றன. சேர்த்து எழுதும்போது ஒவ்வொரு ‘ம்’மும் அடுத்த ‘ஆ’வை விழுங்கி ‘மா’ ஆகிவிடுகிறது. முடிவில் மெய் வரக்கூடாது, நடுவில் உயிர் வரக்கூடாது என்ற இரண்டு சிக்கலும் ஒரே புணர்ச்சியில் தீர்கின்றன. நாம் பிரித்து எழுதித் தப்பிக்கிறோம், அவர் சேர்த்து எழுதி ஜெயிக்கிறார்.

எண்களிலும் ஒரு சந்தி உண்டு. கூட்டும்போது அடுத்த இலக்கத்துக்கு ஏறும் அந்த 1. ஓர் எண்ணோடு அதன் திருப்பத்தைக் கூட்டுங்கள்: 5213 + 3125 = 8338. எங்கும் 1 ஏறாவிட்டால் விடை எப்போதும் மாலைமாற்றுதான், ஏனென்றால் எதிரெதிர் இடங்களில் ஒரே இரண்டு இலக்கங்கள் கூடுகின்றன. 1 ஏறினால் கலையலாம்: 57 + 75 = 132. மறுபடி திருப்பிக் கூட்டினால் 363, சரியாகிவிட்டது. 89க்கு இப்படி 24 முறை கூட்ட வேண்டும், முடிவில் 8813200023188. 196 எப்போதாவது மாலைமாற்றாகுமா என்பது இன்னும் யாரும் நிரூபிக்காத கேள்வி. 11, 111, 1111 இவற்றின் வர்க்கம் 121, 12321, 1234321 என்று அழகாகப் போய் ஒன்பது ஒன்றுகள் வரை தாங்கும். பத்தாவதில் 1 ஏறும். 1234567900987654321 என்று நடுவில் குலையும்.

கணினியிடம் கொடுத்தால் சோதனை சுலபம் என்று நினைத்தால், முதல் அடியே சறுக்கல். யூனிகோடில் ‘விகடகவி’ ஐந்து அல்ல, ஏழு குறியெண்கள்: 2997, 3007, 2965, 2975, 2965, 2997, 3007. இதில் 3007 என்பது இகரக் கொக்கி. நிரல்மொழியின் வழக்கமான ‘திருப்பு’ கட்டளை இந்த ஏழையும் அப்படியே திருப்பும். கொக்கி ஆளில்லாமல் முன்னால் தொங்கும், இன்னொரு கொக்கி க‑வைப் பிடித்துக் ‘கி’ ஆக்கிவிடும். மாலைமாற்று இல்லை என்று கணினி சாதிக்கும். தீர்வு: முதலில் இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் நீக்க வேண்டும். பிறகு இடமிருந்து வலமாகப் படித்து, 3006 முதல் 3021 வரையிலான குறி (உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும், புள்ளி 3021) வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டவும், வேறு எது வந்தாலும் புது எழுத்தாகத் தொடங்கவும். அந்தத் துண்டுகளின் வரிசையைத்தான் திருப்பிப் பார்க்க வேண்டும். ‘மோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒரு ‘மோ’ இப்படியும் மற்றது அப்படியும் இருந்தால் ‘மோரு போருமோ’ தோற்றுவிடும். முன்கூட்டியே ஒருமைப்படுத்தும் கட்டளையை ஓட்டிவிடுவது பாதுகாப்பு. ‘க்ஷ’வை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதை நீங்களே முடிவு செய்து நிரலில் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

கணினியின் தப்பில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. ‘விகடகவி’ என்று பேசிப் பதிவுசெய்து, ஒலியைப் பின்னோக்கி ஓட்டினால் கேட்பது ஏறக்குறைய ‘இவகடகிவ்’. கணினி உளறியதும் கிட்டத்தட்ட அதுவே! ஒலிக்கு உண்மையான மாலைமாற்று வேண்டுமானால் விதி தலைகீழாகும்: எழுத்தில் தோற்பவை ஒலியில் ஜெயிக்கும். ‘இனி’ ஒன்று, ‘உழு’ ஒன்று, ‘ஆமா’ ஒன்று. கடைசியைப் பதிவுசெய்து பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். சொல் மாறாது. ஆனால் பதில் சொல்லும்போது இறங்கிய குரல் இப்போது ஏறும். ‘ஆமா’ என்று சொன்னது ‘ஆமா?’ என்று திரும்பக் கேட்கும்.