'இன்னும் சூடாத்தான் இருக்கு': வீட்டு விருந்தில் இளஞ்சூட்டைக் கவனியுங்கள்

திங்கட்கிழமை காலையில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, சனி ஞாயிறில் எங்கே சாப்பிட்டீர்கள் என்பதுதான். "ஹோட்டல்ல எல்லாம் இல்ல டாக்டர், ஃபிரெண்டு வீட்ல சின்ன பார்ட்டி, எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான்" என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். வீட்டில் செய்தது என்றாலே பயமில்லை என்று நாம் எல்லோரும் நம்புகிறோம், அதில் உண்மையும் இருக்கிறது. நல்ல எண்ணெய், கழுவிய பாத்திரம், தெரிந்த கை. ஆனால் நாலு பேருக்குச் சமைக்கிற அடுப்பங்கரையில் பதினைந்து பேருக்குச் சமைக்கும்போது, சாப்பாடு காத்திருக்க ஆரம்பிக்கிறது. மதியமே செய்து முடித்தது, ராத்திரி ஒன்பது மணி வரை சமையல் மேடையில் மூடிக் கிடக்கிறது. என்னிடம் வருகிறவர்களின் கதையில் திரும்பத் திரும்ப வருவது இந்தக் காத்திருப்புதான். விலை குறைவாக ஏதோ வாங்கினோம், அதனால் வந்தது என்று நான் சொல்லக்கூடிய கேஸ்கள் ரொம்பக் குறைவு.

விருந்தே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. வாடகை வீட்டில் பாய் விரித்து, செலவை ஜிபேயில் பங்கு போட்டு, நண்பர்களை உட்கார வைத்துச் சாப்பாடு போடுவதைப் போல நல்ல விஷயம் குறைவு. ஊரை விட்டு வந்து தனியாக வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு அது எவ்வளவு தேவை என்று கிளினிக்கில் தினமும் பார்க்கிறேன். அதைப் பயமில்லாமல் செய்யவேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கூடுதல் பணம் தேவையில்லை.

இப்போது அடிக்கடி கேள்விப்படுவது பக்கெட் பிரியாணி. ஆளுக்கு ஒரு பார்சல் வாங்குவதைவிடக் கணக்குக்கு மலிவு, மதியம் சொன்னால் சில இடங்களில் ஆஃபரும் உண்டு, அதனால் ராத்திரி விருந்துக்குப் பகல் ஒரு மணிக்கே வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஒன்பது மணிக்கு அந்த வாளியின் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும், ஓரத்துச் சோறு ஆறிப்போயிருக்கும், கரண்டியை நடுவில் விட்டு அள்ளினால் அங்கே மட்டும் இளஞ்சூடு மிச்சமிருக்கும். "இன்னும் சூடாத்தான் இருக்கு, அப்படியே போடு" என்று யாராவது சொல்வார்கள். வாசனையிலும் ஒரு குறை இருக்காது. எனக்குப் பயமே அந்த இளஞ்சூட்டின் மேல்தான்.

உணவில் கிருமிகள் தாராளமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில். அதற்கு மேலே கொதிக்கக் கொதிக்க இருந்தால் பெருக முடியாது, கீழே ஃபிரிட்ஜ் குளிரில் ரொம்ப மெதுவாகிவிடும். நடுவில், அதுவும் நம் உடம்புச் சூட்டை ஒட்டிய வெப்பத்தில், சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒரு மணி நேரத்தில் எட்டு மடங்கு, இரண்டு மணி நேரத்தில் 64 மடங்கு, மூன்று மணி நேரத்தில் 512 மடங்கு. கணக்கு இப்படி ஓடும்போது எட்டு மணி நேரம் மூடிவைத்த வாளியைப் பற்றி நான் தனியாக என்ன சொல்ல?

சோற்றுக்கென்றே ஒரு கிருமி இருக்கிறது, பசில்லஸ் சீரியஸ் என்று பெயர். மண்ணில் இருப்பது, அரிசியோடு வீட்டுக்கு வந்துவிடும். உலை கொதிக்கும்போது கிருமி செத்தாலும் அதன் வித்துகள் சாகாது. சோறு ஆறி இளஞ்சூட்டுக்கு வந்ததும் அவை முளைத்துப் பெருகி, ஒரு நச்சைச் சோற்றில் விட்டுவிடும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. "நல்லா சுட வச்சுத்தானே டாக்டர் சாப்பிட்டோம்" என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் விளக்குகிறேன். சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டி வாந்தி எடுக்கும், பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும், மிக அரிதாகக் கல்லீரலையே பாதித்ததும் உண்டு. கெட்டுப்போனால் வாடை வராதா என்று கேட்பார்கள். ஊசிப்போன வாடையைக் கிளப்புவது வேறு கிருமிகள். ஆளைப் படுக்கவைக்கிற கிருமி வாடை காட்டவேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

குருமா, கறிக்குழம்பு மாதிரி பெரிய பாத்திரத்தில் ஆழமாக நிற்பவையும் இதே கதைதான். மேலே ஆறினாலும் அடியில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பு இருக்கும், காற்றும் போகாது, அங்கே வளர்கிற கிருமி வேறு. அடுத்த நாள் வயிறு பிசைந்து பேதியாகும்.

சரி, என்ன செய்வது? சமைத்தது ஒன்று கொதிநிலையை ஒட்டிச் சூடாக இருக்கவேண்டும், அல்லது ஃபிரிட்ஜில் இருக்கவேண்டும். வெளியே இருக்கலாம் என்றால் இரண்டு மணி நேரம்தான். ஏசி இல்லாத வீட்டில், ஏப்ரல் மே வெயிலில், அதை ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விதியை வைத்து மெனுவைப் போட்டால் செலவும் தானாகவே குறையும்.

வீட்டு விருந்துக்கு நான் எல்லோரிடமும் சிபாரிசு செய்வது தோசை. அரைத்த மாவு ஒரு கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு தோசை வரும், அடுப்பில் இரண்டு கல்லைப் போட்டு, வந்தவர்களே மாறி மாறி ஊற்றட்டும், கல்லிலிருந்து நேராகத் தட்டுக்குப் போகிற சாப்பாட்டுக்குக் காத்திருப்பே கிடையாது. பக்கத்து அடுப்பில் ஒரு பாத்திரம் சால்னா, சின்னத் தீயில், அங்கங்கே கொப்புளம் வந்துகொண்டே இருக்கிற அளவுக்குச் சூட்டோடு இருக்கட்டும். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் அந்தக் கொப்புளம்தான் அளவு. தேங்காய்ச் சட்னியை மட்டும் சாயங்காலமே அரைத்து வெளியில் வைக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்ளலாம். கொறிக்க வறுத்த வேர்க்கடலை, கடலை மிட்டாய், அப்போதைக்கப்போது கலக்கிற மசாலா பொரி, குக்கரிலிருந்து இறக்கிய சுண்டல். இவற்றில் கடலை, மிட்டாய் மாதிரி காய்ந்த பண்டங்களில் கிருமி வளர ஈரம் இல்லை, அதனால் அவை எவ்வளவு நேரம் இருந்தாலும் கவலையில்லை. குடிக்க மோர், பானகம். இதற்கு ஆகிற செலவு ஒரு பக்கெட் பிரியாணிக்குக் கிட்டவே வராது.

சாதம்தான் வேண்டும் என்றால் புளியோதரை நல்லது, புளிப்பு கிருமிகளின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும், நம் பாட்டிமார்கள் பயணத்துக்கு அதைக் கட்டிக் கொடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. அதற்காக ராத்திரி முழுக்க வெளியே வைக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரியாணிதான் ஆசை என்றால், சாப்பிடுகிற நேரத்துக்குத் தம் உடைகிற மாதிரி அடுப்பில் ஏற்றுங்கள், வெளியில் வாங்குவதானாலும் சாப்பிடுகிற நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். அந்த ஆஃபர் போனால் போகட்டும்.

அளவு இன்னொரு முக்கியமான விஷயம். ஒரு கிலோ அரிசியில் செய்த பிரியாணி எட்டிலிருந்து பத்துப் பேருக்குப் போதும். ஆனால் "பத்தலன்னா என்ன பண்றது" என்ற பயத்தில் பத்துப் பேருக்கு இரண்டு கிலோ போடுகிறோம். பாதி மிஞ்சுகிறது, மிஞ்சியதுதான் மறுநாள் மதியம் வரை பாத்திரத்திலேயே இருந்து என்னிடம் ஆள் அனுப்புகிறது. எத்தனை பேர் என்று முதல் நாளே குரூப்பில் கேட்டு எண்ணிக்கையை உறுதி செய்யுங்கள், குறைந்தால் போட நாலு முட்டையும் ஒரு பாக்கெட் ரொட்டியும் வீட்டில் இருக்கட்டும். அப்புறம், எட்டு மணிக்கு வரச்சொன்னால் ஒன்பதரைக்குத்தான் வருவார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எட்டு மணிக்கே எல்லாவற்றையும் இறக்கி ஹாட்பேக்கில் கொட்டி வைக்கிறோம். ஹாட்பேக் சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஆட்கள் வரும் நேரத்தை வைத்து அடுப்பைப் பற்றவையுங்கள்.

கோழி சமைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கோழியைக் காலையில் சிங்கில் போட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள், முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் தானாக இளகிவிடும். மசாலா தடவி ஊறவைப்பதும் ஃபிரிட்ஜுக்குள்தான். குழாயைத் திறந்துவிட்டு அலசும்போது தண்ணீர் தெறித்து மேடை, தட்டு, பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயம் எல்லாவற்றிலும் படுகிறது. பச்சைக் கோழி வெட்டிய பலகையில், அதே கத்தியால், தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் வெட்டுவதுதான் நான் அதிகம் கேள்விப்படுகிற தவறு. கோழியாவது வேகிறது, பச்சடி வேகப்போவதில்லை. முதலில் பச்சையாகச் சாப்பிடுபவற்றை நறுக்கி மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, கடைசியாகக் கோழியைத் தொடுங்கள். சிக்கன் 65 போடும்போது பெரிய துண்டுகள் வெளியே சிவந்து எலும்பை ஒட்டி வேகாமல் நிற்கும். சின்னதாக வெட்டுங்கள், முதல் ஈட்டில் ஒன்றைப் பிய்த்து உள்ளே பாருங்கள், இளஞ்சிவப்பு தெரிந்தால் மறுபடி எண்ணெய்க்கே போகட்டும்.

கூடவே வைக்கிற மயோனைஸ் பற்றி. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. பச்சை முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா என்ற கிருமியின் பயம்தான் காரணம். தடை கடைகளுக்குத்தான் போடப்பட்டது, வீட்டு மிக்ஸியில் அடிக்கிற மயோனைஸுக்குச் சட்டம் வரவில்லை, ஆனால் கிருமிக்கு அந்த வித்தியாசம் கிடையாது. கெட்டித் தயிரைத் துணியில் வடிகட்டி, பூண்டு, மிளகு, உப்பு போட்டு அடித்தால் அதைவிட ருசியாக இருக்கும், செலவும் குறைவு.

ஐஸ் வாங்கினால் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். சாப்பிடுவதற்கல்லாத ஐஸை அடையாளம் காட்ட நீல நிறம் சேர்க்கவேண்டும் என்று விதி இருக்கிறது, எல்லா இடத்திலும் சேர்க்கிறார்கள் என்று நம்பிவிடாதீர்கள். கேன் தண்ணீரை வீட்டு ஃப்ரீசரில் உறைய வைப்பது ஒரு நாள் வேலைதான். கிரீம் கேக்கை வெட்டுகிற நேரத்துக்கு வெளியே எடுங்கள்.

யார் சமைக்கக் கூடாது என்றும் சொல்லவேண்டும். கையில் சீழ்க்கட்டியோ வெட்டுக்காயமோ இருப்பவர் பிசைய வேண்டாம், புண்ணில் இருக்கிற கிருமி சாப்பாட்டில் விடுகிற நச்சும் சூட்டில் போகாது. வயிற்றுப்போக்கு வந்தவர் அது நின்று இரண்டு நாள் ஆகும்வரை அடுப்பங்கரைப் பக்கம் வரவேண்டாம், பரிமாறவும் வேண்டாம்.

மிஞ்சியதை எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள். பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி குளிர ராத்திரி முழுக்க ஆகும், அகலமான டப்பாக்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து வையுங்கள். இதில் என்னை ரொம்ப வருத்துகிற ஒரு பழக்கம் இருக்கிறது. ராத்திரி முழுக்க வெளியே கிடந்ததைக் காலையில் வாட்ச்மேனுக்கோ வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கோ கொடுப்பது. கொடுக்கிற மனசு நல்லதுதான், ஆனால் அந்த வீட்டில் ஒரு நாள் வயிற்றுப்போக்கு என்றால் ஒரு நாள் கூலி போகும், அங்கே கைக்குழந்தை இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. கொடுக்கவேண்டும் என்றால் விருந்து தொடங்கும்போதே, முதல் தட்டு எடுக்கும்போதே, சுடச்சுட அவர்களுக்கும் ஒரு பங்கு எடுத்துக் கொடுத்துவிடுங்கள். நாம் சாப்பிடத் தயங்குகிற எதையும் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு நிற்காதீர்கள். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வருகிற வாந்தி பெரும்பாலும் நச்சால் வருவது, ஆன்டிபயாடிக் அதற்கு எதுவும் செய்யாது. தேவை தண்ணீரும் உப்பும். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி செய்தது என்று அச்சிட்ட ஓஆர்எஸ் பவுடர் பாக்கெட்டை, அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள். நடுராத்திரியில் அது கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மடக்கென்று குடித்தால் வாந்தியில் போய்விடும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டு வாய். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, குடிக்கிற தண்ணீர் நிற்கவே இல்லை, பேச்சு குழறுகிறது என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108. குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் அந்த அளவுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம், சீக்கிரமே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒருவருக்கு வந்துவிட்டது என்று தெரிந்தவுடன் விருந்து வைத்தவர் அந்த வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லிவிட வேண்டும். சங்கடமாக இருக்கும், தெரியும். ஆனால் இன்னொரு நண்பர் வீட்டு ஃபிரிட்ஜில் அதே குருமா ஒரு டப்பா இருக்கலாம், அவர் மறுநாள் குழந்தைக்கு ஊட்டப்போகலாம். "சாப்பிட்ட ஒருத்தருக்கு வயிறு சரியில்ல, நேத்து எடுத்துட்டுப் போன குருமாவக் கொட்டிடுங்க" என்று ஒரு வரி போட்டால் போதும்.