பக்கத்து அணு தரும் எலக்ட்ரான்

எக்ஸ் கதிர் ஓர் அணுவைத் தாக்கினால் அந்த அணுவுக்கு மட்டும்தானே பாதிப்பு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தனித்திருக்கும் அணுவுக்கு அது சரி. அருகில் இன்னோர் அணு இருந்துவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது.

தளர்வாக ஒட்டிக்கொண்டிருக்கும் இரு நியான் அணுக்களை எடுத்துக்கொள்வோம். அவற்றின் இடைவெளி சுமார் 0.31 நானோமீட்டர். நியானின் வெளிக்கூட்டில் இறுக்கமாகப் பிணைந்துள்ள 2எஸ் எலக்ட்ரானைப் பிரிக்க 48.5 எலக்ட்ரான்வோல்ட்டும் (அணு அளவிலான ஆற்றலின் அலகு இது), அதைவிடத் தளர்வான 2பி எலக்ட்ரானைப் பிரிக்க 21.6 எலக்ட்ரான்வோல்ட்டும் தேவை. கதிர்வீச்சு ஓர் அணுவின் 2எஸ் எலக்ட்ரானை வெளியேற்றியதும், மேலிருந்து ஒரு 2பி எலக்ட்ரான் அந்த இடத்துக்கு இறங்க, 26.9 எலக்ட்ரான்வோல்ட் மிஞ்சுகிறது. ஏற்கெனவே ஓர் எலக்ட்ரானை இழந்த அந்த அயனியிலிருந்து இன்னொன்றைப் பிரிக்க 41 வேண்டும் என்பதால், மிஞ்சியது அதற்குப் போதாது. தனி அணுவாக இருந்தால் அது மெதுவாக ஒளியை உமிழ்ந்துதான் அமைதியடைய வேண்டும்.

ஆனால் பக்கத்து அணு இன்னும் மின்னேற்றம் பெறவில்லை, அதனிடம் 21.6 கொடுத்தாலே ஓர் எலக்ட்ரான் கிடைத்துவிடும்! இறங்கும் எலக்ட்ரானின் மின்புலம் அண்டை எலக்ட்ரானை உலுக்க, ஒளித்துகள் எதுவும் வெளிப்படாமலேயே ஆற்றல் கைமாறுகிறது. இடைவெளி இருமடங்கானால் இதன் வேகம் ஏறக்குறைய 64இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மீதி 5.3 எலக்ட்ரான்வோல்ட்டில் பெரும்பகுதி, இப்போது இரண்டும் நேர்மின் அயனிகளாகிவிட்ட அணுக்கள் ஒன்றையொன்று விலக்கித் தெறித்து ஓடுவதில் செலவாகிறது. எஞ்சிய சில்லறையைத்தான் எலக்ட்ரான் எடுத்துச் செல்கிறது. இவ்வளவு துல்லியமாகத் தீரும் வரவுசெலவுக் கணக்கை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கைச் சேர்ந்த லோரன்ஸ் செடர்பாமும் உடனாய்வாளர்களும் 1997இல் இதைக் கோட்பாட்டளவில் முன்மொழிந்தனர். மின்விசையை ஆராய்ந்த இயற்பியலாளர் கூலும் என்பவரின் பெயரால், அணுவிடைக் கூலும் சிதைவு என்று இதைத் தமிழில் சொல்லலாம். 2003இல் நியான் கொத்துகளில் இதன் தடயம் கிடைத்தது. 2004இல் ஃபிராங்க்பர்ட் குழுவினர் இரு அயனிகளையும் ஆற்றல் குறைந்த அந்த எலக்ட்ரானையும் ஒருசேரப் பிடித்து ஐயத்தைத் தீர்த்தனர். இரண்டு நியான் அணுக்களைப் பற்றிய ஆய்வுக்கு நிதி கேட்கும் விண்ணப்பத்தில் ‘சமூகப் பயன்’ என்ற கட்டத்தை எப்படி நிரப்புவது? அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்து நிதி வழங்குவது தவறு என்றே கருதுகிறேன்.

ஏனெனில் 2010இல் இரு குழுக்கள் இதே நிகழ்வை நீர் மூலக்கூறுகளுக்கிடையிலும் கண்டன. இதில் வெளிவருவதைப் போன்ற, 20 எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் குறைந்த ஆற்றலுள்ள எலக்ட்ரான்களாலும் டிஎன்ஏ இழைகளை அறுக்க முடியும் என்பது 2000ஆம் ஆண்டிலேயே ஆய்வகத்தில் தெரியவந்திருந்தது. உயிரணுவுக்குள் டிஎன்ஏவைச் சூழ்ந்திருப்பதோ நீர்.