பள்ளியை மாற்றும் முன் பிள்ளையைச் சோதியுங்கள்

மே மாதம் வந்தால் அதே கேள்வி. "மேடம், பையனுக்குப் படிப்பு ஏறவே இல்ல. டி.சி. வாங்கிட்டு ஆன்லைன் ஹோம் ஸ்கூலிங் போட்டுடலாமா, இல்ல கவர்ன்மென்ட் ஸ்கூல்லயே சேர்த்துடலாமா?" கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவள் நான். இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. எங்கே சேர்ப்பது என்று கேட்பவர்களில் பெரும்பாலோர், பிள்ளை எதில் தடுமாறுகிறான் என்று ஒருமுறைகூடப் பரிசோதித்திருப்பதில்லை.

சென்ற வாரம் வந்தவனுக்குப் பத்து வயது. 'வேறு இடம் பாருங்கள்' என்று தனியார் பள்ளி சொல்லிவிட்டதால் ஓராண்டாக டேப்லெட்டில் படிக்கிறான். முன்னேற்ற அறிக்கையில் எல்லாமே 'மிக நன்று'. கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். படத்தைப் பார்த்துக் கடகடவென்று கதை சொன்னான். படத்தைக் கையால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொன்னேன். 'மேடை' 'மெடை' ஆனது, 'கொடி' 'கெடி' ஆனது. 'வண்ணத்துப்பூச்சி'யில் 'வண்' என்பதோடு நின்று என் முகத்தைப் பார்த்தான். ஆன்லைன் வகுப்பில் கேள்வி வந்தால் அம்மா மைக்கை மியூட் செய்துவிட்டு அவன் காதில் விடையைச் சொல்வாராம்; சாட்டில் அவரே டைப் செய்வாராம். பிள்ளை அவமானப்பட்டுவிடக் கூடாதே என்ற தவிப்புதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஓராண்டு போய்விட்டது.

"டேப்ல மணிக்கணக்கா உட்கார்றானே, அப்போ ஆன்லைன் கிளாஸ் அவனுக்கு ஒத்துவரும்தானே?" தயவுசெய்து இதை நம்பாதீர்கள். விளையாட்டிலும் வீடியோவிலும் சில நொடிகளுக்கு ஒருமுறை காட்சி மாறும், சத்தம் வரும், பரிசு கிடைக்கும். அங்கே பிள்ளை கவனத்தைச் செலுத்துவதில்லை. திரைதான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. பாடத்தில் அவனாகவே கவனத்தை நிறுத்த வேண்டும். டீச்சர் பேசுவதைக் கேட்க வேண்டும், ஸ்லைடை வாசிக்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும், ஓடும் சாட்டையும் பார்க்க வேண்டும். வாசிக்கத் திணறும் பிள்ளையின் தலையில் இன்னும் அதிக வாசிப்பை ஏற்றுவதுதான் இது. வகுப்பறையில் டீச்சர் பக்கத்தில் வந்து வரிமேல் விரல் வைத்துக் காட்டுவார், பென்சில் பிடியைத் திருத்துவார். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நோட்டே தெரியாது. "ஒன் டு ஒன் கிளாஸ் மேடம்" என்கிறார்கள். அவன் தடுமாறுவது உயிர்மெய்யில். ஐந்தாம் வகுப்புப் பாடத்தைத் தனியாக நடத்தி என்ன பயன்?

அரசுப் பள்ளியை 'கடைசி வழி' என்று நினைப்பதும் தவறு. 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை தொடங்கி, பிறகு ஐந்தாம் வகுப்புவரை விரிந்த 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலை பார்த்து, அடிநிலையான அரும்பு, பிறகு மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் நடத்துகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டே அரும்பிலிருந்து தொடங்கலாம். சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவருக்குப் பல பள்ளிகள். தினமும் வரமாட்டார்கள் என்பதும் உண்மை. ஆகவே சேர்க்கும் முன் தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். எத்தனை ஆசிரியர்கள், சிறப்பாசிரியர் எந்த நாளில் வருகிறார் என்று கேளுங்கள். டி.சி. தாமதம் என்றோ, ஆண்டின் நடுவில் வந்தீர்கள் என்றோ எட்டாம் வகுப்புவரை சேர்க்க மறுக்க முடியாது. ஓராண்டு வீட்டில் இருந்த பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம்.

வீட்டுக் கல்வியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தீராத உடல்நலச் சிக்கல், பள்ளியில் தொடர்ந்த கொடுமை போன்ற காரணங்கள் இருந்து, பகலில் ஒருவர் கூடவே உட்கார முடிந்து, நேரில் வரும் பயிற்றுநரும் கிடைத்தால் செய்யலாம். ஆனால் பள்ளி என்றாலே பயந்து வயிற்றுவலி என்கிற பிள்ளையை வீட்டில் வைத்தால் பயம் வளரும். அதற்கு ஆலோசனை தேவை. இன்னொன்று, பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் (NIOS) பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு "பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் கியாரண்டி" என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். கரும்பலகை தெரியாமலேயே மூன்றாம் வகுப்பைத் தாண்டிவந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிறகு கற்றல் திறன் மதிப்பீடு. எட்டு வயது நிரம்பியிருந்தால் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (வாசிப்பு, எழுத்து, கணக்கில் வரும் குறைபாடு) என்பதற்குச் சான்றிதழ் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் அது இருக்கிறது. "பிள்ளை மேல முத்திரை விழுந்துடும்" என்று தட்டிக்கழிக்காதீர்கள். தமிழக அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் அந்தச் சான்றை வைத்துத்தான் கிடைக்கும். எட்டு வயது ஆகவில்லை என்றாலும் பயிற்சியைத் தொடங்கத் தடையில்லை.

மதிப்பீட்டுக்கு வரும்போது மதிப்பெண் அட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அவன் தானாக எழுதிய ரஃப் நோட்டு வேண்டும். அடித்தல் திருத்தலோடு, அப்படியே. அதைப் பார்த்த பிறகுதான் எந்தப் பள்ளி என்று பேச முடியும்.